வாடகைக் கறுப்புக் கோட்டு

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையிலிருந்து புழுக்கம். மன்னிக்கவும், இந்த நோட்டு வங்கித் தேர்வுக்குக் கணக்குப் போட வாங்கியது. என் கதையை எழுதிப் பக்கத்தை வீணாக்குகிறேன்.

மாலை நிவேதாவோடு மாமல்லபுரம். நான் வேலை பார்க்கும் செங்கல்பட்டு கிளினிக் ரிசப்ஷனில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவள். காபிக் கடையில் ஓப்பன் மைக், யார் வேண்டுமானாலும் மேடையேறலாம். சீட்டில் பெயரெழுதிப் பானையில் போட வேண்டும். ஆளுக்கு ஐந்து நிமிடம். கை தட்டக் கூடாது, விரல் சொடுக்க வேண்டும். ஒருவர் பாட்டின் நடுவே வரி மறந்து நின்றார், அதற்கும் சொடுக்கினார்கள். அவ்வளவு நல்லவர்கள்.

நிவேதா ஏறினாள். "எங்க வீட்டு டிரைவர் ஒருத்தர் இருக்காரு..."

அவள் சொன்னது என் அப்பாவை.

பட்டமளிப்பு விழாவில் நான் கறுப்பு அங்கியோடு எடுத்த போட்டோ. கருங்குழியில் எங்கள் தெருவுக்குக் கறுப்பு அங்கி என்றால் கோர்ட்டுதான். பி.காம். முடித்தால் வக்கீல் என்று அப்பாவுக்குள் ஒரு நினைப்பு. தான் ஓட்டுகிற ஷேர் ஆட்டோவில் ஏறிய எல்லோரிடமும் சொல்லிவிட்டார். ஒரே வாரத்தில் ஏழு பேர் பட்டாவும் கையுமாக வாசலில். நான் உண்மையைச் சொன்னதும் அப்பா கேட்டது ஒன்றுதான்: "அப்ப அந்தக் கோட்டு வாடகையாம்மா?"

இதை நிவேதாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். ஒரே ஒரு முறை, சாப்பாட்டு நேரத்தில்.

அந்த வரியை அவள் மூக்கால் இழுத்துச் சொன்னாள். கடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தூறல். கிளினிக்கில் கூட்டம்.

நிவே.: "நேத்து ரீல் போட்டேன்டி, செம ரீச்!"

"டிரைவர்னு ஏன் சொன்ன?"

"உன் பேரு வெளிய வரக் கூடாதுன்னுதான்டி, லூசு."

செய்யக்கூடியவை:
- தெரிந்தவர்களுக்கு அவள் டோக்கன் மாற்றிக் கொடுப்பதை டாக்டரிடம் சொல்வது.
- ஞாயிறு அவள் போவது இந்தி வகுப்புக்கு இல்லை என்று அவள் அம்மாவுக்கு போன்.
- அவள் ரசத்தில் உப்பு. சிறுபிள்ளைத்தனம். ஆனாலும்.
- பானையில் என் பெயர்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மழை இல்லை. சாப்பிடும்போது அப்பா, தட்டைப் பார்த்தபடியே: "ஸ்டாண்டுல இன்னாவோ வீடியோ காட்னானுங்கம்மா. எவனோ டிரைவராம். என்னிய மாதிரியே ஒரு கேனையன் கீறான் பாரு."

சிரித்தார். இரண்டாம் முறை சோறு வாங்கவில்லை.

உப்பெல்லாம் போதாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அதே காபிக் கடை. மூன்றாவது சீட்டு என்னுடையது. மைக்கைத் தொட்டதும் கிறீச்.

சொன்னேன்: "போன வாரம் நீங்க சிரிச்ச டிரைவர் யார் வீட்டு டிரைவரும் இல்ல. கருங்குழியில ஷேர் ஆட்டோ ஓட்டுறாரு. எங்க அப்பா. அவரை எங்கிட்டேருந்து திருடுனவ அதோ, முன்னாடி உக்காந்திருக்கா." விரல் நீட்டிக் காட்டினேன். வாழ்க்கையில் முதல்முறை.

சொடுக்கு, சொடுக்கு, சொடுக்கு. நடத்துகிற சுருட்டைமுடி அக்கா ஓடிவந்தாள்: "பார்ட் டூவா! ரெண்டு பேரும் பேசி வெச்சே பண்ணீங்களா? சான்ஸே இல்லப்பா!"

நிவேதா மேடையேறி என்னைக் கட்டிக்கொண்டாள். காதில், பல்லைக் கடித்து: "சிரிடி."

இந்த முறை சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

மேகமூட்டம். மதியம் நிவேதாவே தன் போனை என் முன் வைத்தாள். ரீல் இல்லை.

"அழிச்சுட்டேன், போதுமா? ஸாரி. இன்னும் என்னதான்டி வேணும் உனக்கு?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை, எட்டு நாளாக வாயிலேயே இருந்தது. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் சொன்னேன். எங்கள் தெருவில் பேசுகிறபடியே வந்தது.

"வர்ற ஞாயித்துக்கெழம எங்க வூட்டுக்கு வா. எங்கப்பா சேர் போட்டு உக்காந்துகினு இருப்பாரு. அவுரு எதிர்ல நின்னு அந்த அஞ்சு நிமிஷத்தையும் பண்ணிக் காட்டு. அதே மூக்குக் கொரல்ல."