புது மீனைத் தொட்டியில் விடாதே

மருமகளே,

நான் வேலைக்குக் கிளம்புகிறேன். உன்னை எழுப்ப மனசில்லை, பேசவும் தெம்பில்லை.

உன் புருஷன் சாயங்காலம் புது ஆண் மீன் வாங்கிக்கொண்டு வருவான். "தொட்டியில இருக்கறது டூப்பு, நல்ல ஆணா ஒண்ணு வாங்கிட்டு வாடா" என்று நேற்று அவனை விரட்டியது நான்தான். அதைத் தொட்டியில் விடாதே. நம்ம தொட்டியில் இருக்கிற ராஸ் வகை மீனில் ஒரு கூட்டத்துக்கு ஒரு ஆண்தான். இன்னொன்று வந்தால் அடித்துக்கொண்டு ஒன்று சாகும்.

பழைய ஆண் செத்ததும் நீ சத்தமில்லாமல் வேறொன்றை வாங்கிப் போட்டு என்னை ஏய்ப்பதாக நினைத்தேன். "மாமா, ஆண் போயிட்டா பெரிய பொட்டையே ஆணா மாறிடும்" என்று நீ சொன்னதற்கு, "யார் காதுல பூ சுத்துற?" என்று கத்தினேன். மீன் விற்ற கடைக்காரனும் அதையேதான் சொன்னான். அவன் கற்பூரம் அடித்துச் சொன்னாலும் நம்பமாட்டேன் என்றேன்.

காலையில் கண்ணாடியோடு ஒட்டி உட்கார்ந்து பார்த்தேன். நிறம்தான் புதுசு. வாலில் பழைய கிழிசல் அப்படியே இருக்கிறது. நம்ம பெரிய பொட்டையேதான். மற்றதுகளை விரட்டி மேய்க்கிறது.

தீனி போட்டாயிற்று. நீயும் போட்டுவிடாதே.

சாவி ஜன்னல்மேல்.

நீ சொன்னது சரி என்று கடைக்காரனிடம் போய் உளறி வைக்காதே. அவனுக்குத் தலைகால் புரியாது.

இன்னொன்று. நேற்று ராத்திரி சோறு வேண்டாம் என்றது கோபத்தில். இன்றைக்கு எனக்கும் சேர்த்துச் சமை.