முதல் பக்கத்துப் பெயர்

தம்பிக்கு,

எழுபது வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு வரி எழுதுவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை.

நான் சொன்ன பேய்க்கதைகளை உன் காமிக்ஸில் போட்டாய். ஒவ்வொரு இதழிலும் என் விரலைப் பிடித்து முதல் பக்கத்தில் வைத்து, "பாருண்ணே, கதை உன்னோடதுன்னு போட்டிருக்கேன்" என்பாய். தடவிப் பார்த்துப் பெட்டியில் வைப்பேன்.

நேற்று எல்லா இதழின் முதல் பக்கத்தையும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். இருநூறு இதழிலும் கதையும் நீ, ஆசிரியரும் நீ. பேய்கூட இருட்டும்வரை காத்திருக்கும். உனக்கு அந்த மரியாதைகூட இல்லை. பட்டப்பகலில் என் விரலாலேயே என் கண்ணைக் குத்தினாய்.

ஆண்டு மலருக்குக் கதை கேட்டாயே, இதோ: ஒரு கிழவன் படிக்கக் கற்றுக்கொண்டான். வேறு யாருக்கும் பயம் வராது. நீ மட்டும் விளக்கைப் போட்டுக்கொண்டு படி.

இப்படிக்கு,
கைநாட்டாக இருந்த உன் அண்ணன்