ஸ்ட்ரெச்சர் திரும்பாத மூலை

ஜூலை 7, திங்கள்

முதலாளி கிபாயத்துல்லா புதுப் பொம்மை ஒன்று வாங்கியிருக்கிறார். பெர்மாஸ் ஜெயா பகுதியில் கட்டப்போகும் டயாலிசிஸ் மையத்தின் வரைபடம் இனி இணையத்தில் முப்பரிமாணமாக இருக்குமாம். சுவர், தூண், குழாய் எல்லாம் ஒரே இடத்தில். அடித்தளம் தோண்டுமுன் யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துக் குறிப்பு எழுதலாம். அவற்றைப் பார்த்துத் திருத்தி மூடுவது என் வேலை.

யார் வேண்டுமானாலும்! இருபத்திரண்டு வருடம் வரைபடம் போட்டவன் இனி ஊர்க் கருத்து கேட்க வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

கூட்டம். தூண்களுக்குப் பொறுப்பான இன்ஜினியர் செல்வா, "எல்லாம் பார்த்துட்டேன்லா" என்றான். யார் எப்போது திறந்தார்கள் என்று உள்ளே பதிவாகியிருக்கும்; பார்த்தேன். திங்கட்கிழமை திறந்திருக்கிறான், இரண்டு நிமிடம். இரண்டு நிமிடத்தில் முழுக் கட்டடத்தையும் பார்த்து முடித்த மகான். இவனுக்கெல்லாம் கம்ப்யூட்டர் எதற்கு?

ஜூலை 15, செவ்வாய்

மையத்தின் தலைமைத் தாதி கஸ்தூரி ஒரே நாளில் முப்பத்தொரு குறிப்புகள் எழுதியிருக்கிறார். 'தண்ணீர் பாட்டில் வைக்க இடம் இல்ல.' 'கதவு எந்தப் பக்கம் திறக்கும்?' 'ஸ்ட்ரெச்சர் இங்க முட்டும், தயவுசெய்து பாருங்க.' வரைபடத்தை வாட்ஸ்அப் குழு என்று நினைத்துவிட்டார் போலும். ஊசி போடுகிறவருக்குக் கட்டடம் கட்ட ஆசை.

நடைவழி அகலம் விதிப்படிதான் இருக்கிறது. சாப்பிடப் போகுமுன் அத்தனைக்கும் 'தீர்ந்தது' போட்டு மூடினேன்.

ஜூலை 16

தூண்களைப் பற்றி நான் அவனுக்கு எழுதிய நான்கு குறிப்புகளைச் செல்வா படிக்காமலே மூடியிருக்கிறான். வெட்கம் கெட்டவன்.

ஜூலை 24, வியாழன்

அந்தக் கஸ்தூரி அம்மா ஸ்கூடாயில் உள்ள எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார், வேனில் ஒரு ஸ்ட்ரெச்சரோடு. வரைபடத்திலுள்ள அளவுப்படி கார் நிறுத்துமிடத்தில் டேப் ஒட்டி நடைவழியைக் காட்டினார். ஒரு மூலையில் அட்டைப்பெட்டி ஒன்றை வைத்தார். நானே ஸ்ட்ரெச்சரைத் தள்ளினேன், சிரித்துக்கொண்டே. முட்டியது. பின்னால் இழுத்து மறுபடி தள்ளினேன். முட்டியது.

"அங்க எதுக்குப் பெட்டி வச்சீங்க?"

"தீயணைப்புக் குழாய் பெட்டி அங்கதான வருது? உங்க படத்துலதான் இருக்கு. குழாய்க்காரங்க போட்டது."

நான் எப்போதும் சுவர்களை மட்டும் வைத்துக்கொண்டு குழாய், தூண் எல்லாவற்றையும் திரையில் தெரியாதபடி அணைத்துவிட்டுத்தான் பார்ப்பேன். அவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார். "எனக்கு அதெல்லாம் அணைக்கத் தெரியாதுங்க" என்றார்.

பக்கத்தில் நின்ற முதலாளி போனில் வரைபடத்தைத் திறந்தார். "இந்தக் குறிப்ப யாரு மூடுனது?"

என் பெயர். நேரம்கூட இருந்தது. பன்னிரண்டு நாற்பத்தொன்று.

"அவங்க சரியா விளக்கி எழுதல, பாஸ்" என்றேன்.

கஸ்தூரி கோபப்படவில்லை. "இப்ப இருக்கிற இடத்துலயும் இதே மாதிரி ஒரு மூலை. போன வருஷம் ஒருத்தருக்கு நெஞ்சுவலி. ஸ்ட்ரெச்சர் திரும்பல. போர்வையில தூக்கிட்டு ஓடுனோம். ஆம்புலன்ஸ்கிட்ட போறதுக்குள்ள போயிட்டாரு."



ஜூலை 25

சரியா விளக்கலயாம் — எப்படிடா வாய் வந்துச்சு உனக்கு? ஸ்ட்ரெச்சர் இங்க முட்டும், தயவுசெய்து பாருங்க. அஞ்சே வார்த்தை. இதுக்கு மேல அந்தம்மா என்ன விளக்கணும்? செல்வாவாவது ரெண்டு நிமிஷம் பார்த்தான்.

ஜூலை 28, திங்கள்

முப்பத்தொன்றையும் மறுபடி திறந்தேன். பதினெட்டு சரி. நான்கு சரியில்லை; காரணம் எழுதினேன். மீதி எனக்குப் புரியவில்லை.

குழாய் பெட்டி சுவருக்குள் போகிறது. அதற்கு ஒரு தூண் நகர வேண்டும். செல்வாவிடம் கேட்டேன். நகர்த்திக் கொடுத்தான், குத்தலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல். சொல்லியிருந்தால் தேவலை. நல்லவேளை, இன்னும் மண் தோண்டவில்லை; கோடுகளைத்தான் அழிக்க வேண்டியிருந்தது.

புரியாதவற்றைக் கேட்கக் கஸ்தூரிக்குப் போன் செய்தேன். "போன்ல சொன்னா விளங்காதுண்ணே. நேர்ல வந்து பாருங்க."

ஆகஸ்ட் 6, புதன்

காலை ஏழு மணிக்கு அவர்களுடைய பழைய மையத்துக்குப் போனேன். முதல் அரை மணி நேரத்தில் மூன்று முறை என்னை நகரச் சொன்னார்கள். "அண்ணே, வழியில நிக்கிறீங்க." நகர்ந்தேன். அங்கே நோயாளியோடு வந்த மனைவிகள், பிள்ளைகள் எல்லாரும் என்னைப் போலவே நகர்ந்துகொண்டிருந்தார்கள். புது வரைபடத்திலும் அவர்கள் நிற்க இடம் இல்லை. நான்தானே போட்டேன்.

அங்கேயே போனில் வரைபடத்தைத் திறந்து ஒரு குறிப்பு எழுதினேன்: 'கூட வர்றவங்க நிக்க இடம் இல்ல.' சரிபார்த்து மூடும் பொறுப்பைக் கஸ்தூரியின் பெயரில் போட்டேன்.