சிவப்புப் பென்சில்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று பெயர்ச்சொல், வினைச்சொல் ஆரம்பித்தேன். பெயருக்கு அடியில் நீலப் பென்சில், செய்கிற சொல்லுக்கு அடியில் சிவப்பு. முப்பத்தோரு பிள்ளைகளும் கோடு போட்டே பென்சிலைத் தீர்த்துவிட்டார்கள். ஒரு வால் மேசையிலும் நீலக் கோடு போட்டது. கேட்டால், "மேசையும் பேருதானே டீச்சர்?" என்கிறது.

அந்த முப்பத்தோரு பேரில் என் பொடிசும் ஒருத்தி. பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் நான் அவளுக்கு அம்மா இல்லை, டீச்சர். அப்படித்தான் பேச்சு. வாசிப்புப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'வாசிக்கிறாள்' என்று இன்று டிக் போட்டேன். 21ஆம் தேதி தலைமையாசிரியை ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுப் பக்கம் ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார். வாசிக்காதவர்களுக்கு மூன்றாம் வகுப்பு இல்லை. பொடிசைப் பற்றி எனக்கென்ன கவலை, கடகடவென்று வாசிக்கிறாள்.

பிப்ரவரி 5, புதன்

பொடிசின் புத்தகத்தில் பசை கொட்டி இரண்டு பக்கம் ஒட்டியிருந்தது. எழுந்து நின்று ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்தாள் — உள்ளே ஒட்டிக் கிடந்த பக்கத்தை. விரல் வேறு ஏதோ வரியில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் வீட்டில் பாடத்தைச் சத்தமாக வாசித்துப் பார்ப்பேன். அதைக் கேட்டே நெட்டுரு போட்டிருக்கிறாளா? எத்தனை நாளாக?

பிப்ரவரி 8, சனி

கதவு, வாளி, நாற்காலி என்று சீட்டெழுதி சாமான்களில் ஒட்டினேன். எல்லாம் சரியாகச் சொன்னாள். அப்பாடா என்றிருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. அவள் குளிக்கப் போனபோது சீட்டுகளை மாற்றி ஒட்டினேன். வந்தாள். கதவில் இருந்த 'வாளி'யைப் பார்த்து "கதவு" என்றாள். வாளியில் இருந்த 'நாற்காலி'யைப் பார்த்து "வாளி" என்றாள். சிரித்த முகத்தோடு.

இவர் வேலை முடிந்து வந்து வாளியைப் பார்த்துவிட்டு, "இதுல உக்காரலாமா?" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் சீட்டுகளைப் பிரித்தெடுக்க ஆரம்பித்தார்.

பிப்ரவரி 10, திங்கள்

பதிவேட்டைத் திறந்தேன். மூடிவிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

இடைவேளையில் பக்கத்து வகுப்பு டீச்சர் தனியாக அழைத்துச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணு பக்கத்துல இருக்கற பிள்ளைங்க வாயைப் பாத்துத்தான் வாசிக்குது. கொஞ்ச நாள் என்கிட்ட விடுங்களேன்."

சுருக்கென்றது. பதினோரு வருஷமாக யார் யார் பிள்ளைகளுக்கோ எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்தவள் நான். என் பெண்ணுக்கு இன்னொருத்தரா? "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் ஒரே ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். 'நாய் ஓடியது.' செய்கிற சொல் எது? சிவப்புப் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள். நாய்க்கு அடியில் கோடு போட்டாள். மறுபடி கேட்டேன். மறுபடியும் நாய். "தாளைப் பாருடி, என் மூஞ்சியிலயா எழுதியிருக்கு?"

பொடிசை அடித்தேன். கன்னத்தில். சத்தமில்லாமல் அழுதாள். சாப்பிடாமலே போய்த் தூங்கினாள்.

நானெல்லாம் ஒரு டீச்சர்.

பிப்ரவரி 13, வியாழன்

இவர் கோபப்படவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "டீச்சருக்கு வேற ஆள் பாத்துக்கலாம். அம்மாவுக்கு அவ எங்க போவா?"

சாயங்காலம் வீட்டிற்குள் தண்ணீர் கேட்டாள். "டீச்சர், தண்ணி" என்றாள். வேண்டுமென்றே சொல்லவில்லை, தானாக வந்துவிட்டது. அதுதான் தாங்க முடியவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

தலைமையாசிரியை அறை. உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. டிக் போட்டதைச் சொன்னேன், ஒட்டிய பக்கத்தைச் சொன்னேன், எல்லாம் கொட்டிவிட்டேன்.

"இருபத்தொண்ணு அன்னைக்குத் தானா தெரிஞ்சிருக்குமே. இப்ப ஏன் வந்தீங்க?"

"அன்னைக்குத் தெரிஞ்சா அவ ஏமாத்தின மாதிரி ஆயிடும், மேடம். அஞ்சாம் தேதியே எனக்குத் தெரியும். மறைச்சது நான்தான்."

பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். "அழிக்க வேண்டாம். கோடு போட்டுட்டு, பக்கத்துல எழுதி, கையெழுத்துப் போடுங்க."

அப்படியே செய்தேன். நாளையிலிருந்து பொடிசு பக்கத்து வகுப்பு டீச்சரிடம். வீட்டில் பாடப் பேச்சே கிடையாது, சத்தமாக வாசிப்பதும் கிடையாது.

பிப்ரவரி 21, வெள்ளி

மூன்று சொல் எழுத்துக் கூட்டினாளாம். நான்காவதில் நின்றுவிட்டாள். யார் வாயையும் பார்க்காமல் "தெரியல" என்றாளாம்.

மூன்றாம் வகுப்பு இல்லை.

"'தெரியல'ன்னு சொன்னா பாத்தீங்களா? அதை வாயில வர வைக்கவே எனக்கு நாலு நாளாச்சு" என்றார் பக்கத்து வகுப்பு டீச்சர். அவருக்கு அது சந்தோஷமாம். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

இரண்டு மாதமாக இந்த நோட்டைத் தொடவில்லை. இன்று தேடினால் அலமாரியில் இல்லை. பொடிசின் பள்ளிக்கூடப் பைக்கு அடியில் கிடந்தது. என் எழுத்து எங்கே எழுதினாலும் கரும்பலகை எழுத்துதான், முத்து முத்தாக இருக்கும். குழந்தைக்கும் புரியும். அது இதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

பிப்ரவரி 12ஆம் தேதிப் பக்கம். 'பொடிசை' — அடியில் நீலக் கோடு. 'அடித்தேன்' — சிவப்பு. 'அழுதாள்' — சிவப்பு, இரண்டு தடவை அழுத்திப் போட்டது. 'தூங்கினாள்' என்பதற்குக் கோடு இல்லை. அதன் மேலே, ஏறியும் இறங்கியும் போகிற எழுத்தில்: நான் தூங்கல.

எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. நிமிர்ந்தால் அவள் எதிரே நின்றாள், பென்சில் கையில்.

"அம்மா, நீ தப்பா எழுதியிருந்தே. அதான் திருத்தினேன்."

"அப்ப என்னடி பண்ணிட்டிருந்தே?"

"கண்ணை மூடிட்டிருந்தேன். நீ வருவேன்னு."

அன்று ராத்திரி நான் போகவில்லை. அடுத்த அறையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.