பஞ்செல்லாம் சரி

என் தங்கச்சிக்கு,

என் வயிற்றுக்குள் பஞ்சை விட்டுத் தைத்து, மறுபடி கீறி எடுத்தார்களே, அதற்காக இன்று வக்கீலைப் பார்த்தேன். நீ வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னாய்.

முதல் ஆபரேஷன் தாளில் ஒரு வரியைக் காட்டினார். "தைக்கிறதுக்கு முன்னாடி பஞ்செல்லாம் எண்ணியாச்சு, சரின்னு இந்த நர்ஸ் கையெழுத்துப் போட்டிருக்காங்க. இவங்க மேலயும் கேஸ் போடணும்மா. தெரிஞ்சவங்களா?"

தாளை வாங்கிப் பார்த்தேன். வாலைச் சுழித்துவிட்ட உன் கையெழுத்து.

ஆபரேஷன் ரூமில் நீ இருந்தால்தான் படுப்பேன் என்று அடம்பிடித்தவளே நான்தான்.

"தெரியாது சார்" என்றேன்.

இரண்டு மாதமாகக் குனிந்த தலை நிமிராமல் எனக்குக் கட்டுப் போடுகிறாய். உனக்கு முன்பே தெரியுமா?

நேற்று நீ போட்ட கட்டு அப்படியே இருக்கிறது. நாளைக்கு வா. பிரிக்கும்போது என் முகத்தைப் பார்த்துச் சொல்.

உன் அக்கா