பின்னிணைப்பு மூன்றில் அம்மா

மார்ச் 4, செவ்வாய்

காலைக் கூட்டத்தில் கத்தரின் எல்லோருக்கும் முன்னால் என்னைப் பாராட்டினார். மொன்றியலில் எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் எண்ணிம (டிஜிட்டல்) களஞ்சியத்தில் பழைய ஆய்வேடுகள் வருடக்கணக்காக யார் கண்ணிலும் படாமல் கிடந்தன. போன வருடம் தொடக்கம் ஒவ்வொன்றுக்கும் நிரந்தர அடையாள எண் எடுத்து, குறிச்சொற்கள் சேர்த்து ஏற்றுவதுதான் என் வேலை. தளம் மாறினாலும் அந்த எண்ணைத் தட்டினால் ஆய்வேடு வந்து நிற்கும். வெளிநாட்டுப் பட்டியல்களும் அதைத் தாமாகவே எடுத்துக்கொள்ளும். "பார்வைகள் நாலு மடங்கு, றொஷினி!" என்றார். மேலதிகாரி என்பதால் சிரித்து வைத்தேன். இல்லை, பொய். உண்மையாகவே சந்தோஷம்தான்.

மார்ச் 6, வியாழன்

புள்ளிவிவரம் பார்த்தேன். முதலிடம், 1999இல் ஒரு கியூபெக் பெண் பிரெஞ்சில் எழுதிய ஆய்வேடு: மொன்றியலின் தமிழ் அகதிப் பெண்கள். இத்தனை வருடத்தில் ஆறு பேர் இறக்கி எடுத்தது, இந்த ஒரு மாதத்தில் முந்நூற்றுப் பத்து. முதலில் பிரான்ஸ், பிறகு இலங்கை.

அதற்கு எங்கள் ஊரின் பெயரைக் குறிச்சொல்லாகப் போட்டவள் நான்தான். ஆய்வுச் சுருக்கத்தில் அந்தப் பெயரைக் கண்டதும் விட மனம் வரவில்லை. மன்னாருக்கு வெளியே எவருக்கும் தெரியாத ஊரை உலகப் பட்டியலில் ஏற்றிவிட்டேன் என்று அன்றைக்கு ஒரு பெருமை. உள்ளே வாசிக்கவில்லை. நாளைக்கு ஐம்பது ஏற்றுகிறவளுக்கு வாசிக்க எங்கே நேரம்?

மார்ச் 7, வெள்ளி

வாசித்தேன்.

ஐயோ மாதாவே.

பேட்டி கொடுத்த பெண்கள் தங்களுக்கு வேறொரு பெயரைத் தெரிவுசெய்தார்கள் என்று முன்னுரையில் இருக்கிறது. பின்னிணைப்பு மூன்றில் பேசுகிறவரின் பெயர் 'சூட்டி'. அது அம்மாவின் வீட்டுப் பெயர். யோசெப்பின் என்ற பதிவுப் பெயர் ஊரில் பங்குச் சாமியாருக்கும் தபால்காரருக்கும்தான் தெரியும். சூட்டி என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் வீட்டைக் காட்டும். ஒளிக்கிறன் எண்டு சொல்லி முகத்தைக் காட்டி வைச்சிருக்கிறா!

1990. பக்கத்து வீட்டு அல்போன்சம்மாவின் மகன் ஜோன்சனை விடியக்காலையில் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அம்மா வேலிக்குப் பின்னால் நிற்கிறார். துவக்கோடு வந்தவர்களில் ஒருவன் ஊர்க்காரன். அவனுடைய பெயர் முழுதாக அச்சில் இருக்கிறது. நான் இங்கேயும் எழுதமாட்டேன். இப்போது ஊரில் அவர் பெரிய மனிதர். அம்மாவின் தம்பி ஜெராட் மாமா இருப்பது அவர் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில்.

ஜோன்சன் திரும்பி வரவில்லை. "நீ ஏதும் கண்டனியோ பிள்ளை?" என்று அல்போன்சம்மா கேட்டதற்கு "இல்லை" என்று சொன்னதையும் அம்மா சொல்லியிருக்கிறார்.

ஒரே வீட்டில் இருக்கிறோம். எனக்கு இதில் ஒரு வரியும் தெரியாது.

மார்ச் 10, திங்கள்

அந்த எண்ணை அழிக்க முடியுமா என்று கத்தரினிடம் கேட்டேன். முடியாதாம். கோப்பை மூடலாம், எண்ணும் தலைப்புப் பக்கமும் இருக்கும். ஏன் என்றார். என் அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை. "பேட்டி கொடுத்தவரை அடையாளம் காணலாம்" என்றேன். உடனே மூடினார். குறிச்சொல்லிலிருந்து ஊர்ப் பெயரை நான் எடுத்துவிட்டேன்.

முந்நூற்றுப் பத்துப் பிரதி வெளியில் நிற்கிறது. ஆர் எடுத்தது? அந்த மனிசன்ரை பிள்ளையளோ?

மார்ச் 11, செவ்வாய்

கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வேலை செய்கிறேன்.

மார்ச் 15, சனி

மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "ஊரிலை என்ன புதினம் மாமா?" "மீன் இல்லை, அதுதான் புதினம்" என்று சிரித்தார். பிறகு, "ஏன் பிள்ளை, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?" சளி, தடிமன் என்றேன்.

மார்ச் 22, சனி

இன்று மாமாவே எடுத்தார். சிரிக்கவில்லை. "ரெண்டு நாளா ஒரு மோட்டர்சைக்கிள் வாசல்லை வந்து நிண்டிட்டுப் போகுது. உன்ரை அக்கா கனடாவிலை என்ன கதைச்சவ எண்டு ஒருத்தன் கேட்டான். என்னடி நடக்குது அங்கை?"

நான் செய்தது. ஒரு சொல்லுத்தான் தட்டினனான். ஒரே ஒரு சொல்லு.

மார்ச் 23, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்துவிட்டார்.

"ஒருத்தரும் வாசிக்கமாட்டினம் எண்டுதானே பேட்டி எடுத்த அந்தப் பெட்டை சொன்னவள்."

"ஏனம்மா வீட்டுப் பேரைக் குடுத்தனீங்கள்?"

"வேறை பேர் கேட்டாள். என்னட்டை வேறை பேர் அதுதானே இருந்தது."

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அம்மா அழவில்லை. "முதல்லை தம்பியை ஊரை விட்டு வெளிக்கிடச் சொல்லு" என்றார்.

ஏப்ரல் 2, புதன்

மாமா வவுனியாவில், மகள் கிறேஸின் வீட்டில். ஊரில் வீடு பூட்டு. வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டு வந்தாராம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

களஞ்சியத்தின் பொது முகவரிக்குப் பாரிஸிலிருந்து ஒரு மின்னஞ்சல், பிரெஞ்சில். தலைப்பில் எங்கள் எண் மட்டும். திறக்கவே பயந்தேன்.

எழுதியவர் அஞ்சலீனா, ஜோன்சனின் தங்கை. ஊர்ப் பெயரைத் தேடியபோது ஆய்வேடு கிடைத்ததாம். சொந்தங்களுக்கெல்லாம் அனுப்பினாராம். அப்படித்தான் அது ஊருக்கும் போயிருக்கிறது. "அம்மாவுக்கு எண்பத்தாறு வயது. முறைப்பாடு கொடுக்காத இடமில்லை. கண்ட சாட்சி இல்லை என்று எல்லோரும் திருப்பி அனுப்பினார்கள். இப்போது ஏன் மூடினீர்கள்? சூட்டி அக்கா உயிரோடு இருக்கிறாரா?"

இதற்கு நூலகத்தின் பெயரில் என்ன பதில் எழுதுவது?

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

அஞ்சலீனாவிடம் இலக்கம் வாங்கி, அம்மாதான் அல்போன்சம்மாவுக்கு எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"என்ரை கிணத்திலைதானேயடி நீ தண்ணி அள்ளினனி. ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"பயமா இருந்தது மாமி."

 பிறகு அந்தப் பக்கத்திலிருந்து: "இப்ப?"

"இப்பவும்தான்," என்றார் அம்மா.

மே 6, செவ்வாய்

போன கிழமை அம்மாவும் நானும் மெத்ரோ எடுத்து லொங்குய்ய் போனோம். ஆய்வேட்டை எழுதியவர் அங்கேதான் இருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. அம்மாவின் சொந்தப் பெயரோடு மறுபடி திறக்கச் சம்மதம் என்று இரண்டு பேரும் கையெழுத்து வைத்தார்கள். மாமாவிடமும் கேட்டோம். "அக்கா போடட்டும். நீ எப்ப ஊருக்குப் போவாய் எண்டு மட்டும் என்னட்டைக் கேக்காதேங்கோ" என்றார். 

கத்தரினிடம் இது என் அம்மா என்று சொன்னேன். என் தோளில் கை வைத்துக்கொண்டே நின்றார். புதிய பதிப்பு, பழைய எண். சூட்டி என்றிருந்த இடத்தில் அம்மாவின் முழுப் பெயரைத் தட்டினேன். இரண்டு தரம் எழுத்து மாறி, அழித்துத் திருத்தினேன். ஊர்ப் பெயரைத் திரும்பப் போட்டேன். நாலு மணிக்குத் திறந்துவிட்டோம்.

மே 7, புதன்

காலையில் வேலைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவின் கைபேசி அடித்தது. இலங்கை இலக்கம், தெரியாதது. எடுக்காதேங்கோ அம்மா என்று சொல்லுமுன்னே எடுத்துவிட்டார்.

"ஓம், யோசெப்பின்தான் கதைக்கிறன். நீங்கள் ஆர்?"