மேசைக்கு வராத பதினோரு வருஷம்

என் சலோமி,

உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. கூடப் பிறக்காவிட்டாலும் நீ எனக்குத் தங்கை; ஒரே சபை, ஒரே குழாயடி, நடுவில் நாலே வீடு. அப்படியும் கூப்பிடவில்லை. உன்னைப் புதைத்துவிட்டு வந்த பிறகு இப்போது வாய் வருகிறது. என்னைப் போல ஒரு வீம்புக்காரி இந்தச் சுரங்க ஊர்க் கோரமண்டலில் உண்டா?

இங்கே ஒன்றும் நன்றாக இல்லை. தங்கச் சுரங்கத்தை மூடியே விட்டார்கள். உன் வீட்டுக்காரர் செல்வராஜ் அண்ணன் காலையில் ரயிலேறி பெங்களூருக்குக் காவல் வேலைக்குப் போகிறார். கேஜ் கூண்டில் இறங்கிப் பூமிக்குள் போய்வந்த மனுஷன் யாரோ ஒருவர் வீட்டு கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறார். சாப்பிட்டாரா என்று கேட்கக்கூட எனக்கு முகம் இல்லை.

நடந்தது உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நான் அதை ஒரு தடவையும் உள்ளபடி சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி தானியேல் பெங்களூரில் ஒருத்தியை ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டிருந்தான். அதை மறைத்துவிட்டு, மாரிகுப்பத்து ஜெயாவை அவனுக்குப் பேசி முடித்தவள் நான். சபையில் கல்யாணம் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாரம் தாங்காமல் உன்னிடம் மட்டும் குழாயடியில் சொன்னேன். நீ தூக்கிய குடத்தைத் திரும்பக் கீழே வைத்தாய்.

"அக்கா, அந்தப் பொண்ணு இன்னா பாவம் பண்ணுச்சி? நீயே போய் சொல்லிடுக்கா. இல்லாங்காட்டி நான் சொல்ற மாதிரி ஆயிடும்."

"சொல்லித்தான் பாரேன்டி," என்றேன்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசித்து, இதற்குத் தடை சொல்ல யாராவது உண்டா என்று போதகர் கேட்பார். பிள்ளைகள் கொட்டாவி விடுகிற நேரம் அது. அன்றுவரை நம் சபையில் ஒருவரும் எழுந்ததில்லை. மூன்றாம் ஞாயிறு நீ எழுந்தாய். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு முதலில் என்னைத்தான் பார்த்தாய். "மன்னிச்சுக்கோக்கா," என்றாய். பிறகு போதகர் பக்கம் திரும்பி, அவனுக்கு மனைவி இருக்கிறாள் என்றாய்.

நான் என்ன செய்தேன்? பொய் என்று அலறினேன். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதேன். பெண் வீட்டார் பயந்து விலகிக்கொண்டார்கள், ஆனால் சபை என்னைத்தான் நம்பியது. அன்றைக்கு நீ பொய்க்காரி ஆனாய். இன்றைக்கும் அவர்களுக்கு நீ பொய்க்காரிதான். யாருக்காக இதெல்லாம் செய்தேனோ அந்தத் தானியேல் எங்கே இருக்கிறான் என்பதுகூட எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நீ அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும் திருவிருந்துக்குப் போகவில்லை. மாதாமாதம் எல்லோரும் எழுந்து மேசைக்குப் போவோம், நீ மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாய். "மனசு உறுத்துது போல," என்றார்கள் பெண்கள். அதைக் கேட்டுக்கொண்டே நானும் வரிசையில் போய் நின்றேன். முதல் மாதம் கிண்ணத்தை வாங்கும்போது உன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டாம் மாதமும் பார்த்தேன். அப்புறம் பார்க்கவில்லை சலோமி. குணம் கெட்டுப்போவது அவ்வளவுதான், சத்தமே இல்லாமல் பழகிவிடுகிறது.

இதில் பெண்கள் சங்கத்தில் பேச்சு வேறு. அன்பும் உண்மையும் சேர்ந்தால் அதுதான் கிறிஸ்தவ குணம் என்று மைக்கைப் பிடித்துப் பேசுவேன். நீ கேட்டுக்கொண்டிருப்பாய். ஒரு தடவை தலையைக்கூட ஆட்டினாய். எனக்கு எரிச்சல் வந்தது. கேலி செய்கிறாயோ என்று நினைத்தேன்.

போன மாதம் ஒரு மத்தியானம் செல்வராஜ் அண்ணன் வந்து வாசலில் நின்றார். "தங்கச்சி, ஆஸ்பத்திரில அவ உன்னயே கேட்டுகினு கீறாம்மா. ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

"நாளைக்கு வரேண்ணா. துணி ஊற வெச்சிருக்கேன்," என்றேன். துணி ஊறிக்கொண்டிருந்தது உண்மை. காத்திருக்கட்டும் என்று நான் நினைத்ததும் உண்மை.

மறுநாள் காலையில் நீ போய்விட்டாய்.

கல்லறையிலிருந்து திரும்பும்போதுதான் அண்ணன் சொன்னார். திட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். "போதகரய்யா ஆஸ்பத்திரிக்கே திருவிருந்து அப்பமும் திராட்ச ரசமும் எடுத்துகினு வந்தாரு. வேணாம்னுட்டா. 'எங்கக்காவுக்கு எம்மேல கோவம் கீது. அது ஆறாம நான் எப்படிய்யா கை நீட்டுவேன்'னா. இத்தினி வருசமும் இதயேதாம்மா சொன்னா."

நீ சொன்னது சத்தியம், சலோமி. வருந்த வேண்டியவள் நான். மனஸ்தாபத்தைத் தீர்த்துவிட்டு மேசைக்கு வா என்கிற வசனத்தைப் பிடித்துக்கொண்டு, என் கோபத்துக்காக நீ ஏன் பட்டினி கிடந்தாய்? ஒரு நாள் வந்து என் தலைமயிரைப் பிடித்து உலுக்கியிருக்கக்கூடாதா? உலுக்கியிருந்தாலும் நான் திருந்தியிருப்பேனா?

போதகர் வீட்டுக்கு வந்து ஜெபித்தார். ஆண்டவர் மன்னிப்பார் என்றார். மன்னிப்பார்தான். நீயும் எப்போதோ மன்னித்திருப்பாய், அது எனக்குத் தெரியும். ஆனால் கூப்பிட்டனுப்பியும் நான் வரவில்லையே, அதை யார் மாற்ற முடியும்? ஜெபிக்க உட்கார்ந்தால் ஊறப்போட்ட துணிதான் நினைவுக்கு வருகிறது. மேலே யாரும் கேட்பதாகவே தோன்றவில்லை.

வருகிற ஞாயிறு திருவிருந்து. ஆராதனை தொடங்கும் முன்னே எழுந்து நின்று சொல்லப்போகிறேன், இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. சலோமி சொன்னது உண்மை, பொய் சொன்னவள் எஸ்தர் என்று சொல்வேன். சொன்னால் மனம் லேசாகும் என்ற ஆசை ஒன்றும் இல்லை. அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பெண்கள் சங்கத்தில் என் நாற்காலி போய்விடும், குழாயடியில் நான் வந்ததும் பேச்சு நின்றுவிடும். நிற்கட்டும். நீ எப்படி இருந்தாய் என்று அப்போதாவது எனக்குத் தெரியட்டும்.

நீ கடைசிவரை அக்கா என்று சொன்ன,
தங்கை கூப்பிட்டும் வராத,
எஸ்தர்